வாசிதியின் தம்பி

வாசிதி தன் தம்பியிடம் நேருக்கு நேர் கடைசியாகச் சொன்னது, "அந்த நண்டை விட்டுர்றா, கவ்விரும்" என்பதுதான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று, அவனுக்குப் பத்து. அந்த மழைக்காலத்தில் அவள் பெரிய பெண்ணானாள். அதோடு சரி. அக்காவுக்கு ஒரு பாய், தம்பிக்கு ஒரு பாய். அவன் முன்வாசலில் ஏறினால் அவள் பின்வாசலில் இறங்கிவிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு ஆள் வேண்டும். பகை ஒன்றுமில்லை, மரியாதை. சுவா மாதிரிப் பட்டணத்தில் இதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள். தவேயுனித் தீவின் மழைப்பக்கத்தில், அவள் பிறந்த ஊரிலும் சரி, வாக்கப்பட்டு வந்த வைனிசவுவிலும் சரி, அந்த வழக்கம் போகவில்லை.

அந்தத் தம்பிதான் விலிகேசா. பிஜி தேசிய ரக்பி அணியில் பன்னிரண்டாம் எண் சட்டையைப் பத்து வருஷத்துக்கு மேல் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்காதவன்.

அவனுடைய ஆட்டக்கதை முழுவதும் வாசிதிக்கு மற்றவர்கள் வாய் வழியாகவே வந்து சேர்ந்தது. மலைத் தோட்டத்திலிருந்து சேம்பு மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டு இறக்கிக்கொண்டிருந்த பையன், மாவட்டப் பள்ளி ஆட்டத்தில் என்ன செய்தான் என்று சித்தப்பா வந்து அப்பாவிடம் சொன்னார். தட்டிக்கு அந்தப் பக்கம் பாய் முடைந்துகொண்டு அவள் கேட்டாள்.

"நாலு பேரு தொங்குறாங்க அவன் மேல. நாலு பேரையும் இழுத்துக்கிட்டுப் போயி கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். எந்திரிச்சு, அடி பட்டுச்சான்னு அவனுகளைப் பாத்து விசாரிக்கிறான், பைத்தியக்காரப் பய."

அதற்குப் பிறகு சுவாவில் பெரிய பள்ளிக்கூடம். அணிக்கு ஏழு பேர் ஓடும் எழுவர் ரக்பிக்கு இவன் கனம் ஜாஸ்தி என்று ஒதுக்கினார்கள். பதினைவர் ஆட்டக்காரர்கள் அந்தக் கனத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். தொங்கா நாட்டோடு முதல் ஆட்டம். கிறிஸ்தவக் கோயில் கூடத்து ரேடியோவில் வர்ணனைக்காரன் அவன் பெயரை மூச்சுக்கு மூச்சு கத்திச் சொன்னபோது, தன்னால் சொல்ல முடியாத பெயரை ஊரே சொல்கிறதே என்று வாசிதிக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு பிரான்ஸ். தென்மேற்கில் திராட்சைக் கொடியும் களிமண்ணுமான ஒரு சின்ன ஊர்க் கிளப். அங்கிருந்து இரண்டு உலகக் கோப்பைகள். மனிதச் சுவருக்கு எதிராக நேராக ஓடுவதுதான் அவன் வேலை. முட்டி, இரண்டு மூன்று பேரைத் தன் மேல் வாங்கிக்கொண்டு விழுவான். விழுகிறபோது பந்தைப் பின்னால் விடுவான். திறந்த சந்தில் ஒல்லிப் பையன்கள் காற்றாகப் போய்ப் புள்ளி எடுப்பார்கள். வாசிதியின் புருஷன் எரோனி இதை அவளுக்கு ஒரே வரியில் விளக்கியிருந்தான்.

"கதவை உடைக்கிறவன் உன் தம்பி. உள்ள போயி விருந்து திங்கிறவன் வேற ஒருத்தன்."

அம்மா செத்தபோது அவன் வரவில்லை. அந்த வாரம் அவன் கிளப்புக்கு வாழ்வா சாவா ஆட்டம். வந்துபோவதற்குள் சட்டையை வேறொருவன் மாட்டிக்கொண்டிருப்பான். அவனிடமிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. மாடு அறுத்து, நூறு பாய் விரித்து, இப்படி ஒரு சாவு இந்தப் பக்கம் நடந்ததில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். கல்லறையில் மண் போடும்போது மகன் நிற்கவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை வாசிதி மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. யாரிடம் போய்ச் சொல்வது. சொல்லவேண்டியவனோடுதான் பேச்சே கிடையாதே.

அப்படிப்பட்டவன் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல், ஒற்றைப் பையோடு, வைனிசவுவில் வந்து இறங்கினான்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்து, லாரியில் தொற்றி, ஆற்றுப் பாலத்தில் இறங்கி நனைந்துகொண்டே நடந்து வந்தான். எரோனி வாசலில் சேம்புக் கிழங்கின் தாளை வெட்டிக்கொண்டிருந்தான்.

"யாருடா அது, வீட்டை இடிக்க வந்த புல்டோசரு?"

"மச்சான், இது வீடா? கோழிக்கூண்டுன்னு நெனச்சேன்."

"கோழிக்கூண்டுதான். உங்கக்காவைக் கட்டினப்ப உங்கப்பன் குடுத்த பாயை விரிச்சும் அடியில மூங்கில் தெரியுது."

அக்கா புருஷன் முறை என்பதால் இரண்டு பேரும் எதிரெதிரே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் மற்ற ஆண்களும் அவனுக்கு மச்சான் முறைதான். அடுக்களைப் புகைக்குள்ளிருந்து வாசிதி பார்த்தாள். தோள் அப்படியே மதில் மாதிரி இருந்தது. முகம்தான் சரியில்லை. மழை மேகத்துக்குள் இருக்கிற அரை வெளிச்சத்துக்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"உன் ஊர்ல மாடி வச்சு வீடு கட்டிப்போட்டிருக்கியே, அங்க போகாம இங்க எதுக்குடா?" என்று எரோனி கேட்டான்.

"அங்க சத்தம், மச்சான். விடிஞ்சா பந்தி பந்தியா ஆளு வருது. கொஞ்ச நாள் இங்க கெடக்கேன். அடுத்த மாசம் நாட்டு அணிக்காரங்க கூப்பிடுவாங்க. உலகக் கோப்பைக்கு. இதோட முடிச்சுக்கலாம்னு."

பிள்ளைகள் இரண்டும் சோமோசோமோவில் விடுதியில் தங்கிப் படித்தன. அதனால் அந்த வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே இருந்த ஒரே வாய் எரோனியுடையது. எரோனி தோட்டத்துக்குப் போய்விட்டால் வீடு ஊமையாகிவிடும். அவள் சோற்றுத் தட்டைப் பாயில் வைத்து, துணியால் மூடிவிட்டு, அடுக்களைக்குப் போய்விடுவாள். அடுக்களை தனிக் குடிசை, தகரக் கூரை. சற்று நேரம் கழித்து வந்து தட்டை எடுப்பாள். அவன் படுத்த பாயைச் சுருட்டுவாள், அவன் சட்டையைத் துவைப்பாள். எதிரில் வந்தால் விலகுவாள்.

பேசாதவர்களுக்குக் கண்ணும் காதும் கூர்மை. முதல் வாரத்திலேயே அவளுக்குச் சில விஷயங்கள் உறுத்தின. மூடிவைத்த மரவள்ளியும் மீனும் சாப்பிட்டிருப்பான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் எரோனி வந்தால், தம்பி அவனிடம், "மச்சான், இன்னிக்கு சோறு கெடையாதா?" என்று கேட்பான். எரோனி அதைப் பகடியென்று எடுத்துக்கொண்டு, "உனக்குப் போட்டே என் தோட்டம் தீந்துரும்" என்பான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருப்பான். மத்தியானங்களில் ஈரத்துணியைக் கண் மேல் போட்டுக்கொண்டு, ஈரப்பலா மரத்தடியில், யாராவது தட்டி எழுப்ப வருவார்களோ என்பது போல உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடப்பான். ஒருநாள் ஆற்றில் குளிக்கப் போனவன் வெகுநேரம் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனோடு வந்தான். பாலத்தில் நின்றுகொண்டிருந்தானாம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரன் எரோனியிடம் சொன்னான்.

அன்று சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டே வாசிதி பேச்சை எடுத்தாள்.

"உங்க மச்சானுக்கு உடம்பு சரியில்ல."

"அவனுக்கா? நேத்து என் லாரி சேத்துல மாட்டுச்சு. ஒத்தையாத் தூக்கி வச்சான்."

"தூக்குறது தோளு. நான் சொல்றது தலை."

எரோனி துருவின தேங்காயை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "தலையில அடி படாம அந்த ஆட்டம் ஆட முடியுமா? அவன் தலை பாறை."

"சாப்பிட்டது மறந்துபோகுது. வழி மறந்துபோகுது. ஒருதரம் ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்க."

"கேட்டுப்பாக்குறேன்" என்றான். அவன் நல்லவன், கேட்கவும் செய்தான். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

"மச்சான், உங்கக்கா உன் தலையைப் பத்திக் கவலப்படுறா. உள்ள ஏதாவது இருக்கான்னு டாக்டரைப் பாக்கச் சொல்றா."

தம்பி சிரித்தான். "ஒண்ணும் இல்லேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கானாம்" என்று எரோனி சத்தமாகச் சொன்னான், அவளுக்குக் காது கேட்காதது போல.

அணியிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமைக் கப்பலில் ஏறவேண்டும். ஊர்த் தலைவர் சக்கராயா தானே நேரில் வந்தார். குடைக்கம்பி மாதிரி மெலிந்த மனிதர், எதையும் பிரசங்கம் மாதிரித்தான் சொல்வார்.

"எங்க ஊருக்கு வந்த மச்சானை வெறுங்கையோட அனுப்பினா நாளைக்கு உங்க ஊர்க்காரன் எங்களைக் காறித் துப்புவான். திங்கட்கிழமை காலையில மாடு அறுக்கிறோம். யங்கோனா வேரைக் குடிக்கக் கரைச்சு, திமிங்கிலப் பல் காணிக்கை வச்சு, முறையா விடைகொடுக்கிறோம். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை ஒரு ஆட்டம். பக்கத்து ஊர்ப் பயலுகளோட. மச்சான் ஆட வேணாம், சும்மா உக்காந்து பாத்தாப் போதும்."

"சும்மா உக்கார்றதுக்கா வந்தேன்?" என்றான் விலிகேசா.

சனிக்கிழமை மழை சற்று விட்டது. கடலோரத் திடலில் முழங்கால் வரைக்கும் புல். மாடுகளை ஓட்டிவிட்டு, தேங்காய் மட்டையால் கோடு போட்டார்கள். பெண்கள் பாய் விரித்து ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். விலிகேசா முதல் பாதி முழுக்க சக்கராயா பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். இரண்டாவது பாதியில் வைனிசவு பின்தங்கியது. பெண்கள் உட்கார்ந்த பாயிலிருந்தே கேலியாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மச்சானுக்கு நாற்காலி பத்தலையே, அடி மெத்தை போடுங்கடி."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான்.

தம்பி ஆடுவதை வாசிதி கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. பந்து அவன் கைக்கு வந்ததும் உடம்பு மாறியது. வழி மறந்தவன், தட்டு மறந்தவன் யாரும் அங்கே இல்லை. குனிந்த தோளோடு நேராகப் போனான். முதல் பையன் ஒதுங்கிக்கொண்டான். இரண்டாவது பையன் காலைப் பிடித்தான், மூன்றாவது பையன் கழுத்தைப் பிடித்தான், இரண்டு பேரையும் அணிந்துகொண்டவன் போல இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். விழும்போது பந்து பின்னால் போயிற்று, எரோனியின் அண்ணன் மகன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி போட்டான், வைனிசவு முந்திக்கொண்டது. பெண்கள் எழுந்து குதித்தார்கள். வாசிதியும் குதித்தாள்.

அடுத்த தடவை அவன் ஒருவனை மறிக்கப் போனான். அந்தப் பையனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. பெரிய அடி இல்லை. சும்மா தட்டின மாதிரித்தான் இருந்தது. விழுந்தவன் உடனே எழுந்தான், பல் தெரியச் சிரித்தான். புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போய் எதிர் அணி வரிசையில் நின்றுகொண்டான்.

திடல் முழுவதும் சிரித்தது. "பாத்தீங்களா மச்சானை, தோக்கிற பக்கத்துக்கு இரக்கப்பட்டுப் போயிட்டாரு" என்று சக்கராயா தொடையில் தட்டினார். எதிர் அணிப் பையன்கள் அவனைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அதைக் கவனித்தது வாசிதி ஒருத்திதான். அவள் பாயிலிருந்து எழுந்து, யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போதே முடிவுசெய்துவிட்டாள். வழக்கம் என்னவானாலும் ஆகட்டும். வெளியில் தெரிந்தால் அவளுக்கும் தலைகுனிவு, அவனுக்கும் தலைகுனிவு. அவன் அவளுக்காக ஊரார் முன்னால் தண்டம் கட்ட வேண்டிவரும். ஆகட்டும். அவனிடம் நேராகச் சொல்லிவிடுவது.

பொழுது சாய்ந்தபோது மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஆண்கள் எல்லோரும் சக்கராயா வீட்டில் யங்கோனா குடிக்கவும் திங்கட்கிழமை ஏற்பாடு பேசவும் போய்விட்டார்கள். விருந்தாளி தலை வலிக்கிறது என்று வரவில்லை. வாசிதி அடுப்பில் சேம்பிலையை வதக்கித் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் தனியாக இருக்கும் இடத்துக்கு அவன் வந்ததே கிடையாது. அவள் எழுந்து போகவேண்டும். எழவில்லை. அவன் உள்ளே வந்து, விறகுக் கட்டைமேல், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தகரத்தில் மழை இடித்தது. அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"தலை வலிக்குதா?"

அவன் திடுக்கிடவில்லை. இவ்வளவு வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தவன் மாதிரி பதில் சொன்னான்.

"வலிக்குது. இன்னிக்கு இல்ல, அந்த ஊர்லேருந்தே வலிக்குது. போன குளிர்காலத்துல ரெண்டு வாட்டி விழுந்தேன். ரெண்டாவது வாட்டி எந்திரிச்சப்ப எந்த நாட்டுல இருக்கோம்னு தெரியல. திரையெல்லாம் இழுத்துவிட்டு இருட்டு ரூம்ல போட்டு வச்சிருந்தாங்க. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. பேச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்ல."

வாசிதி கிளறுவதை நிறுத்தினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். என் தம்பி என்னோடு பேசுகிறான் என்று நினைத்தாள். அவ்வளவு எளிதாக இருந்தது அது. இத்தனை காலம் எதற்காக இது நடக்கவில்லை என்று தோன்றியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மண்டைக்குள்ள எடுத்த படத்தைக் காட்டினாரு. கெழங்குல புழு போன மாதிரி இருக்கு. இன்னொரு அடி சரியா விழுந்தா உன் பேரே உனக்குத் தெரியாதுன்னாரு. காயிதத்துல எழுதித் தரட்டான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா சட்டையைக் கழட்டிருவாங்க. சட்டை இல்லாட்டி நான் யாரு? நாலு பேரு மேல விழுந்தா தாங்குவேன். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" அவன் கையைத் தீக்கு நேராக நீட்டிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதம்மா. பயந்துருவா."

தீயில் ஒரு கட்டை வெடித்தது. வாசிதி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுப்புத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரல் அச்சாக அம்மாவின் குரல்தான், பிறந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். தீ, புகை, தேங்காய்ப்பால் வாசம். அவன் எந்த அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

பதில் சொல்லாமல் இருந்தால் எழுந்து போய்விடுவான். நான் அம்மா இல்லை என்று சொன்னால் வெட்கத்தில் செத்துவிடுவான்.

"சொல்லல" என்றாள்.

"அவகூடப் பேசி ரொம்ப நாளாச்சு. என்னிக்காவது பேச முடிஞ்சா அவகிட்ட இதைச் சொல்லணும்னு ஒண்ணு வச்சிருந்தேன்."

"என்ன அது?"

அவன் யோசித்தான். நெற்றியைத் தேய்த்தான். "மறந்துபோச்சு" என்றான்.

வாசிதி கட்டியிருந்த துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்று அவன் நினைத்திருக்கக்கூடும்.

"நீ போறப்ப நான் வரலம்மா" என்றான். "வந்திருக்கணும். அந்த ஆட்டத்துல ஜெயிச்சோமா தோத்தோமான்னுகூட ஞாபகம் இல்ல. கோவமா?"

அந்தக் காலி இடத்தை இத்தனை வருஷம் சுமந்தவள் அவள். செத்தவளுக்குக் கோபம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும். உயிரோடிருப்பவளுக்கு இருந்தது.

"கோவம் இல்லப்பா" என்றாள். சொல்லி முடித்ததும் இல்லாமல்தான் போயிற்று.

"நெசமா?"

"நெசமா. நீ ஒண்ணு செய். கப்பல் ஏறாத. உலகக் கோப்பையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கயே இரு."

"ஊர்ல மாடு அறுக்கப்போறாங்களாம்மா."

"மாடு பொழைச்சுப் போகட்டும். நான் சொல்றேன். போகாத."

அவன் ஒரு சுள்ளியை எடுத்துத் தீயில் போட்டான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினான். "நீ சொன்னாச் சரி" என்றான். சேம்பிலையும் கிழங்கும் வைத்துக் கொடுத்தாள். பாயில் மூடி வைக்காமல் கையில் கொடுத்தாள். அவன் தின்றுவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தெளிந்திருந்தான். கோயிலுக்குப் போக மரமுரசு அடிக்கும் முன்னே எரோனியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினான். எரோனி அடுக்களைக்கு வந்தபோது அவன் முகத்தில் பகடியே இல்லை.

"அவன் போகலையாம். ராத்திரி... இல்ல, சாயங்காலம், உங்கம்மா வந்தாங்களாம். இந்த அடுக்களைக்கு. தீ முன்னாடி உக்காந்து போகாதன்னு சொன்னாங்களாம். சோறு போட்டாங்களாம்." அவன் அடுப்பை ஒருமாதிரி பார்த்தான். "நீ இங்கதான இருந்த? உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"நான் தேங்காய் எடுக்கப் போயிருந்தேன்" என்றாள் வாசிதி. "திரும்பி வந்தப்ப தட்டு காலியா இருந்துச்சு."

சக்கராயாவுக்கு முதலில் கோபம் வந்தது. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் செத்துப்போன தாய் வந்து வாய்திறந்து சொன்னதை எதிர்த்துப் பேச எந்தத் தலைவரால் முடியும். "அந்த அம்மா நல்ல மனுஷி. காரணம் இல்லாம வரமாட்டாங்க" என்றார். மாடு திரும்பவும் திடலில் மேய்ந்தது. யாரோ சுவாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து எரோனி அவனைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். இனிமேல் பந்தைக் கையால் தொடாதே, தொட்டால் எங்களிடம் வராதே என்று அந்த டாக்டரும் சொல்லிவிட்டார்.

உலகக் கோப்பை வந்தது. கோயில் கூடத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டினார்கள். பன்னிரண்டாம் எண்ணில் நன்தி பக்கத்துப் பையன் ஒருவன். நன்றாகத்தான் ஆடினான். கடைசி ஆட்டத்தில், கடைசி நேரத்தில், ஒரு மறிப்பைத் தவறவிட்டான். பிஜி வெளியே போயிற்று. அதன் பிறகு ஊரில் பேச்சு ஒருமாதிரி மாறியது. நேரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேலிதான் நின்றுபோயிற்று. மச்சான் என்று கூப்பிட்டுக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் இப்போது மரியாதையாக, "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுக் கடந்து போனார்கள். அது கேலியைவிட மோசம். யங்கோனாக் கிண்ணம் அவனுக்கு முதலில் வருவது போய், வரிசையில் வந்தது. ஒருநாள் கடைவாசலில் ஒரு பெண், "ஆறடி ஆளு, அம்மா பேச்சைக் கேட்டுக்கிட்டு அக்கா வீட்ல ஒண்டிக்கிட்டான்" என்று சொன்னது வாசிதி காதில் விழுந்தது. உப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள்.

அவன் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. எரோனியோடு தோட்டத்துக்குப் போனான். குழி தோண்டுவது, சேம்பு நடுவது, களை பிடுங்குவது. வரிசை கோணலாகப் போகும். எரோனி, "மச்சான், இது தோட்டமா, பாம்பு போன தடமா?" என்பான். அவன் ஒருவன் மட்டும்தான் கேலியை விடாமல் வைத்திருந்தான். தம்பி கேட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பத் தோண்டுவான். சில நாள் நன்றாக இருப்பான். சில நாள் ஈரத்துணிதான். அவள் தட்டை மூடி வைப்பாள், போவாள், வருவாள், எடுப்பாள். அவனுக்குத் தெரிந்து அக்காவோடு அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுவருஷம் எரோனி சேம்பு ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்த ஒரு காலைவேளையில், விலிகேசா கொட்டில் பக்கம் நின்று பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அடுக்களையில் வாசிதி பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஓலைத்தட்டி.

"ஏ, இங்க பாரு" என்றான் அவன், பன்றியிடம். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உனக்குத் தெரியாது. அடுக்களையில இருக்கவங்ககிட்ட கேட்டுச் சொல்லு."

வாசிதியின் கை பானைக்குள்ளேயே நின்றது.

"அன்னிக்கு மழையில எங்கம்மா வந்து பேசினாங்களே, அது நெசமா? இல்ல, என் மண்டைக்குள்ள நடந்ததா? இல்லாத ஆளுங்க தெரிவாங்க, நம்பாதன்னு டாக்டர் சொல்றாரு. நான் கோவமான்னு கேட்டதுக்கு அவங்க கோவம் இல்லேன்னாங்க. அதுதான் எனக்கு இருக்கிறது. அது பொய்யின்னா, நான் சும்மா பயந்து ஓடி வந்தவன்தான். ஊர்க்காரங்க சொல்றது சரிதான்."

பன்றி தேங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான். நேற்றுவரை அடுக்களைப் பக்கம் முகம் திருப்பாதவன் இன்றும் திருப்பவில்லை. கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அது நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவனுக்கு ஒரு அக்கா கிடைப்பாள், அம்மா போய்விடுவாள். அம்மாவோடு அந்த மன்னிப்பும் போய்விடும். வாசிதி தண்ணீரைக் கீழே கொட்டினாள். தட்டியைப் பார்த்து, தெளிவாக, பன்றிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"நெசம்தான்னு சொல்லு. தட்டு காலியா இருந்ததை நான் பாத்தேன்னு சொல்லு."

பிறகு அவன் மூச்சு விட்டது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"அப்பச் சரி" என்றான் பன்றியிடம். மீதித் தேங்காயைக் கொட்டிலுக்குள் தள்ளினான். தோண்டுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வாய்க்கால் தாண்டி வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றான். அப்படியும் இப்படியும் பார்த்தான். இடப்பக்கம் காலை வைத்தான், கடலுக்குப் போகிற வழியில்.

வாசிதி வாசலுக்கு வந்தாள்.

"தோட்டத்துக்கு வலப்பக்கம்னு சொல்லு" என்றாள் பன்றியிடம், சத்தமாக.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காலை எடுத்து வலப்பக்கம் வைத்து, மேட்டில் ஏறிப் போனான்.